பத்திரம் என்று சொல்லாத தெரு

போன வியாழக்கிழமை காலையில் ஒரு வார்த்தை சொன்னேன். அதைக் கேட்டு ஒரு வேன் கிளம்பாமல் நின்றது, ஒரு தெரு வாயடைத்துப் போனது, எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

கெட்ட வார்த்தை இல்லை. நீங்களும் நானும் நாள் தவறாமல் சொல்வதுதான். 'பத்திரம்.'

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — என் மனைவிக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக மாற்றல் வந்து, நாங்கள் மதுரையைக் காலி செய்துவிட்டு எம். புதுப்பட்டியில் குடியேறிய கதை. எழுதுகிறவனுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன? ஒரு மேஜை, ஒரு ஃபேன், வாரம் ஒரு தடவை சிவகாசி பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கட்டுரையை அனுப்ப ஒரு டவுன் பஸ். போதாதா? போதும் என்றுதான் வந்தேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. நான் பிறவிக் கவலைக்காரன். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வருகிற ஆள். செல்போனில் இன்கமிங் இலவசம் ஆனதிலிருந்து என் தொல்லை தாங்க முடியவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவனை, எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு பட்டாசுக் கம்பெனி கேட் வருகிற ஊரில் கொண்டு வைத்தால் என்ன ஆகும்? பால்காரருக்கு, தபால்காரருக்கு, சைக்கிளில் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு... எல்லாருக்கும் 'பத்திரம்' சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அதுவரை சொன்னதில்லை. நான் எழுந்து வெளியே வருவதற்குள் அவர்கள் போயிருப்பார்கள்.

பக்கத்து வீட்டில் செல்லக்கனி. முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் ரூமில் வேலை. அவருடைய வீட்டுக்காரர் சீனிச்சாமி, சிவகாசியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். நாங்கள் சாமான் இறக்கிய அன்று, தூக்குவாளி நிறையக் குழம்போடு வந்து, முதல் நாளே டீச்சர் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன வீடு அது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கம்பெனி வேன் முக்கில் வந்து ஹாரன் அடிக்கும். நூல் சேலை, கட்டைப்பை, தூக்குவாளி சகிதம் பெண்கள் வந்து ஏறுவார்கள். நைலான், பாலியெஸ்டர் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. உரசினால் பொறி வரும்.

வியாழக்கிழமை நான் சீக்கிரம் எழுந்துவிட்டேன். வாசலில் நின்று பேப்பர் பார்த்தேன். உள்பக்கத்தில் நாலே வரி — எங்கோ ஒரு யூனிட்டில் தீ. நாலு வரிக்கு மேல் எழுத ஒன்றும் இல்லை போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால், செல்லக்கனி வேன் படியில் கால் வைக்கிறார்.

"பத்திரமாப் போயிட்டு வாங்கம்மா."

அவ்வளவுதான். கரிசனமாகச் சொன்னதாகத்தான் என் நினைப்பு.

வேனுக்குள் பேச்சு நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எதிர் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் வாளியோடு அப்படியே நின்றார். செல்லக்கனி படியிலிருந்து காலை எடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வேன் போய்விட்டது.

சத்தம் கேட்டு என் மனைவி வெளியே வந்தாள். "என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். கம்பெனிக்குக் கிளம்புகிறவர்களிடம் இந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்களாம். சாப்பாடு எடுத்தாச்சா என்று கேட்பார்கள், வேன் வந்துவிட்டது என்பார்கள், அதோடு சரி. பத்திரம் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், கிளம்பியவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். சில பேர் அன்றைக்குப் போவதே இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் வாரமே இவளுக்குச் சொல்லிவிட்டார்களாம். என்னிடம் சொல்ல மறந்துவிட்டாளாம்!

எனக்கு அது எப்படிப் புரிந்தது என்றால், அபசகுனம். பூனை குறுக்கே போனால் உட்கார்ந்துவிட்டுப் போவதில்லையா, அந்த வகை. பூனையின் இடத்தில் நான்.

மனைவி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். வழக்கமான வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். சீனிச்சாமிதான் இருந்தார். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அவ அப்பவே போயிட்டா சார். பின் சந்து வழியாப் போயி டவுன் பஸ் ஏறிட்டா."

பின் சந்து வழியாகவா? முன்னால் ரோடு இருக்கும்போது, முள்ளும் சாக்கடையுமாகக் கிடக்கிற சந்து வழியாக எதற்குப் போக வேண்டும்? என் முகத்தில் முழிக்கக் கூடாது என்றா? சுருக்கென்று இருந்தது. அதைக் கேட்க வாய் வராமல், லேட்டாகப் போனால் ஒன்றும் சொல்ல மாட்டார்களே என்று கேட்டு வைத்தேன்.

சீசன் நேரம், ஆள் வந்தால் போதும் என்று இருப்பார்கள் என்றார் சீனிச்சாமி. ஆனால் பேக்கிங் ரூமில் செல்லக்கனியின் இடத்துக்கு வேறு ஆள் போட்டிருப்பார்கள். ஒரு ரூமுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. அதற்கு மேல் உட்கார வைக்க முடியாது. ஆகவே ஆள் குறைகிற இடத்துக்குத்தான் போர்மேன் அனுப்புவார்.

"ஆள் குறைகிற இடம்னா?"

"மருந்து ரூமுதான் சார்" என்றார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே. "நீங்க ஒண்ணும் நெனைக்காதீக." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒண்ணும் நெனைக்காதீக! யாரிடம் சொல்கிற பேச்சு இது?

பேக்கிங் ரூம் என்றால், செய்து முடித்த பட்டாசைப் பெட்டியில் அடுக்குகிற இடம். மருந்து ரூம் என்றால், வெறும் குழாய்களில் வெடிமருந்தைக் கையால் அடைக்கிற இடம். நாலு வரிச் செய்திகள் பெரும்பாலும் அந்த ரூமிலிருந்துதான் வருகின்றன. நான் ஒரு வார்த்தை சொன்னேன், அது ஒரு பெண்ணைப் பேக்கிங் ரூமிலிருந்து மருந்து ரூமுக்கு நகர்த்திவிட்டது.

அன்றைக்குத்தான் இந்த வாரக் கட்டுரையை எழுத வேண்டும். வேறொரு விஷயம் யோசித்து வைத்திருந்தேன். ஓடவில்லை. மண்டைக்குள் அந்த ஒரே வார்த்தை. சரி, அதையே பார்ப்போம் என்று அகராதிகளை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கவலை வந்தால் சில பேர் கோயிலுக்குப் போவார்கள், சில பேர் டீக்கடைக்கு. நான் அகராதிக்கு.

பார்த்தால், பத்திரம் ஒரு சொல் இல்லை, இரண்டு. வெவ்வேறு வீட்டில் பிறந்து, தமிழுக்குள் வந்ததும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்ட இரண்டு பேர். மூத்தவருக்குச் சமஸ்கிருதத்தில் இலை என்று பொருள். இறகு என்றும் உண்டு. இலையில், ஓலையில் எழுதியதால் கடிதம் ஆனார். அப்படியே கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, இப்போது உங்கள் கையில் இருக்கிற இந்தப் பத்திரிகை. இறகு வழியாகப் போனவர் அம்பு ஆனார். பழைய தமிழில் குத்துவாளுக்கும் அவர் பெயர் உண்டு என்று போட்டிருந்தது. சட்டென்று அகராதியை மூடிவிட்டேன்.

வெளியே எட்டிப் பார்த்தேன். தெரு அமைதியாகத்தான் இருந்தது.

மறுபடி திறந்தேன். இன்னொருவர் இருக்கிறாரே, அவரும் சமஸ்கிருதக்காரர்தான். முதல் எழுத்தைக் கொஞ்சம் அடிவயிற்றிலிருந்து சொல்ல வேண்டும் — நல்லது, மங்களம், க்ஷேமம். வாசலில் நின்று நாம் சொல்லும் பத்திரம் இவர்தான். தெலுங்கிலும் இதே பொருளில் 'பத்ரம்' என்பார்கள். இந்தக் கரிசல் ஊர்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. எங்கள் கடைக்காரர் பேரனிடம் சில்லறையைக் கொடுத்துவிட்டு அதைத்தான் சொல்வார். கன்னடத்தில் இவர் உறுதி, கெட்டி. வங்காளத்துக்குப் போனால் 'பத்ரலோக்' — கௌரவமான குடும்பத்து மனிதர், சட்டை கசங்காதவர். வெடிமருந்து பக்கம் போகத் தேவை இல்லாதவர் என்று ஓரத்தில் நானே எழுதிக்கொண்டேன்.

இதுவரைக்கும் நல்லபடியாகப் போனது. அடுத்த வரியில் வந்தது வினை. வடக்கே பஞ்சாங்கத்தில் 'பத்ரா' என்று ஒரு நேரம் இருக்கிறதாம். பெயர்தான் மங்களம். அந்த நேரத்தில் அண்ணன் கையில் ராக்கி கூடக் கட்ட மாட்டார்கள். ஆகாத நேரம்! தலையை மழிப்பதற்கும் இதே சொல் வழங்கியிருக்கிறது. அம்மை போட்டால் 'ஆத்தா வந்திருக்கா' என்கிறோமே, அதே மாதிரிதான் போலும். ரொம்பப் பயமான இடத்தில் ரொம்ப நல்ல பெயரை வைத்து மூடிவிடுகிறார்கள்.

அப்படியானால் புதுப்பட்டிக்காரர்கள் பஞ்சாங்கம் பார்க்காமலே அதைத்தான் செய்கிறார்களா? எழுந்தேன். உட்கார்ந்தேன். மோர் குடித்தேன்.

ஆங்கிலத்துக்குத் தாவினேன். 'செக்யூர்' என்கிறோமே, லத்தீனில் அது 'கவலை இல்லாமல்' என்ற இரண்டு சொல் சேர்ந்தது. அவர்கள் சொல்கிற 'குட் பை', 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' என்ற நீளமான வாக்கியம் தேய்ந்து போன மிச்சம். உருதுவில் 'குதா ஹாஃபிஸ்', கடவுள் காப்பார். ஆக, எந்த மொழிக்காரரும் வாசலில் சும்மா நிற்பதில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த லத்தீன்காரர் சொல்கிறாரே, கவலை இல்லாமல் என்று — யாருக்குக் கவலை இல்லாமல்? போகிறவருக்கா, அனுப்புகிறவருக்கா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேனாவைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். எனக்கு முன்னாலேயே தெரு வெளியே வந்திருந்தது. கையில் கரண்டியோடு ஒருவர், தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட ஒருவர். யாரும் கத்தவில்லை, யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கன?"

"மேக்க."

மேற்கே பார்த்தேன். செல்லக்கனி வேலைக்குப் போகிற பக்கம். வானம் கறுத்துக் கிடந்தது. ஐப்பசி மாதத்து மேகம். அது முழுக்க மேகம்தானா, நடுவில் புகையும் இருக்கிறதா? பார்க்கப் பார்க்கப் புகையாகவே தெரிந்தது எனக்கு.

செல்லக்கனியின் கம்பெனி கொடுத்த காலண்டர் எங்கள் வீட்டிலும் மாட்டியிருக்கிறது. அதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஆபீஸில் ஆள் இல்லாமலா போகும்? ஆள் ஏன் இல்லை? எல்லாரும் எங்கே ஓடினார்கள்? அவசரத்தில் நம்பர் மாறி, யாரோ ஒரு அச்சாபீஸ்காரர் எடுத்துத் திட்டினார்.

அப்போது மேற்கே பளீரென்று வெட்டியது. பின்னாலேயே இன்னொரு சத்தம். "இடிதாம்ப்பா" என்றார் ஒருவர். தெரு மூச்சு விட்டது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான் போகவில்லை. இரண்டாவது சத்தம் இடி, சரி. முதல் சத்தம்?

மின்னல் வெட்டினால் கம்பெனிகளில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள். அன்றும் வேன் சீக்கிரமே வந்தது. தூறலில் நனைந்துகொண்டு முக்குக்கு ஓடினேன். இறங்கினார்கள்... எல்லாரும் இறங்கினார்கள். செல்லக்கனி இல்லை.

காலையில் வாயை மூடிக்கொண்ட அந்தப் பெண்ணிடமே கேட்டேன். கம்பெனியில் ஒன்றும் ஆகவில்லை, முதல் சத்தமும் இடிதான், தங்கள் தலைக்கு மேலேதான் இடித்தது என்றார். சரி, செல்லக்கனி எங்கே?

"அவ மருந்து ரூமுல்ல சார். நாங்க பெட்டிய போட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டோம். அவுக மருந்தெல்லாம் மூடி எடுத்து வச்சிட்டுத்தான் வரணும்."

மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. அந்த வெட்டுக்குக் கீழே மருந்தை மூடி எடுத்து வைக்கிறார்!

பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றேன். பள்ளிக்கூடத்து பஸ்ஸில் என் மனைவி வந்து இறங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றுகொண்டாள். இருபது வருடத்துக்கு மேலாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், நான் எந்தக் கவலையில் இருக்கிறேன் என்று அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். ஆனால் அன்று அவளும் கவலையில்தான் இருந்தாள். குடைக்கம்பியைப் பிடித்திருந்த கையில் தெரிந்தது.

ஒரு பஸ் வந்தது. யாரும் இறங்கவில்லை. இன்னொரு பஸ் நிற்காமலே போய்விட்டது. இதுவரை வேண்டாத நேர்த்திக்கடன் எல்லாம் வேண்டிக்கொண்டேன். மழை வலுத்துப் பிறகு குறைந்தது. மூன்றாவதாக வந்த பஸ்ஸிலிருந்து, கட்டைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு செல்லக்கனி இறங்கினார்.

முழங்கை வரைக்கும் வெள்ளி. மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி. மழையில் கழுவியும் போகாமல் மினுங்கியது.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். தெரியாமல் சொல்லிவிட்டேன், என்னால்தான் இடம் மாறி உட்கார வேண்டி வந்தது, உங்களுக்கு என் மேல் கோபம் இருக்கும் என்று என்னென்னவோ உளறினேன்.

"கோவமெல்லாம் இல்ல சார். நீங்க பாத்துக்கிட்டு இருக்கையில போகக் கூடாதுன்னுதான் சந்து வழியாப் போனேன்."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னார். அவருக்கு மாரி என்று ஒரு தங்கச்சி. ஒரே வீட்டிலிருந்துதான் இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் செல்லக்கனிக்குக் காய்ச்சல், மாரி மட்டும் கிளம்பினாள்.

"பத்திரமாப் போயிட்டு வாடின்னு நாந்தான் சார் சொல்லி அனுப்பிச்சேன். சாயங்காலம் துணியில சுத்திக் கொண்டாந்தாக." மறுபடி முந்தானையைப் பிழிந்தார். "போனவ போயிட்டா. சொன்னவ நான்ல இருக்கேன். இன்னைக்கு வரைக்கும் அந்தச் சொல்லு எந்தொண்டையில நிக்கி."

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தெருவுல சொன்னவுக நெறையப் பேரு இருக்கோம் டீச்சர். சாருமா அதுல சேரணும்? அதான் எறங்கிட்டேன். தண்ணியக் குடிச்சிட்டு நானாப் போனேன்னா, எனக்கு என்ன ஆனாலும் அது சார் சொல்லி ஆனதா இருக்காதுல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை பெய்துகொண்டிருந்ததால் மறைக்க வேண்டி இருக்கவில்லை.

மூட நம்பிக்கை என்று நினைத்தேனே! அந்தச் சொல் வெடிக்கும் என்று யாரும் பயப்படவில்லை. சொன்னவர் பிழைத்துக் கிடக்க வேண்டுமே என்று பயப்படுகிறார்கள். நான் அன்று முழுக்கப் பதறியது அவருக்காகத்தான் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையைச் சொன்னால் பாதிதான் அவருக்காக. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எப்படி இருப்பேன் என்ற பயம் மறுபாதி. அந்த மறுபாதியைத்தான் அவர் காலையில் வேன் படியிலேயே யோசித்துவிட்டு, சந்து வழியாக மருந்து ரூமுக்குப் போயிருக்கிறார்.

மறுநாள் காலை வேன் வந்தது. வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. செல்லக்கனி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார்.

"உள்ள போங்க சார், தூத்தல் விழுது. நனையாதீக."

போனேன். சாயங்காலம் வேன் திரும்பும் வரைக்கும் வீட்டுக்குள் பத்திரமாகத்தான் இருந்தேன், நான்.